கூட்டத்தில் சரி என்கிறார்கள், வகுப்பில் "எங்க பிள்ளையை வேற இடத்துல உக்கார வைங்க" என்கிறார்கள்

ஜூன் 4, காலை 10.15 (கேள்வி)

மழலையர் பள்ளியில் குறைபாடு உள்ளவர்கள் உட்பட எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து படிப்பது நல்லதுதானே என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்டால் ஒருவர்கூட மறுப்பதில்லை. அடுத்த வாரமே தனித்தனியாக வந்து, "அந்தப் பையன் பக்கத்துல மட்டும் வேண்டாம் டீச்சர்" என்கிறார்கள். விழிப்புணர்வு போதவில்லை, நல்ல உரை ஒன்றுக்கு ஏற்பாடு செய்தால் மாறிவிடும் என்பது என் எண்ணம். மூன்று முதல் ஐந்து வயது வரை இருபது பிள்ளைகள், அதில் இரண்டு பேருக்குக் கூடுதல் உதவி தேவை. ஒரு டீச்சர், ஓர் உதவியாளர். உரையில் என்னென்ன பேச வேண்டும்?

ஜூன் 4, பிற்பகல் 2.40

உரை வேண்டாம். கூட்டத்தில் நீங்கள் கேட்டது ஒரு கேள்வி, அவர்கள் தனியாக வந்து கேட்பது வேறு கேள்வி.

"எல்லாரும் சேர்ந்து படிக்கலாமா?" என்பது கொள்கை. 1994-ல் ஸ்பெயினின் சாலமன்காவில் நடந்த சிறப்புத் தேவைக் கல்வி மாநாட்டில் 92 அரசுகள் ஒப்புக்கொண்டது. 2006-ல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, 24-ஆம் பிரிவில் அதை உரிமை என்றே எழுதிவைத்தது. அதை யார் மறுக்கப்போகிறார்கள்? "என் மகள் பக்கத்தில் யார் உட்காரப்போகிறார்கள்?" என்பது வீட்டுக் கேள்வி. இரண்டுக்கும் ஒரே ஆள் இரண்டு பதில் சொன்னால் அதில் கள்ளம் எதுவும் இல்லை. உரை முதல் கேள்விக்குத்தான் பதில் சொல்லும், அதற்கு ஏற்கெனவே எல்லோரும் தலையாட்டிவிட்டார்கள்.

எமரி போகார்டஸ் என்ற சமூகவியலாளர் 1920-களிலேயே ஒரு வழி சொன்னார்: பிடிக்குமா என்று கேட்காதே, எவ்வளவு நெருக்கம் வரை சம்மதம் என்று படிப்படியாகக் கேள். அவர் அளந்தது இன வேறுபாட்டை, ஆனால் முறை இங்கும் உதவும். ஒரே பள்ளி, ஒரே அறை, ஒரே மேசை, கைகோத்து நடப்பது, வீட்டுக்கு விளையாட வருவது. இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி, சம்மதமானவற்றுக்கு டிக் போடச் சொல்லுங்கள். பெயர் எழுத வேண்டாம். பேனா எந்தப் படியில் நிற்கிறதோ அங்கேதான் உங்கள் வேலை தொடங்குகிறது.

அதே தாளின் பின்பக்கம் ஒரே ஒரு வரி: "இந்த வகுப்பைப் பற்றி என் மனசில் இருக்கிற ஒரு கவலை." ஒன்று மட்டும். மூன்று கேட்டால் இரண்டு ஒப்புக்குச் சொன்னதாகத்தான் வரும். வருகிற பதில்கள் பெரும்பாலும் நான்கு கூடையில் விழும்: டீச்சரின் நேரம் போய்விடும், பார்த்துப் பழகிவிடும், அடிப்பான் கடிப்பான், பாடம் பின்தங்கும். ஒவ்வொன்றுக்கும் பதில் தனித்தனி. எல்லாவற்றுக்கும் சேர்த்து "அன்பு காட்டுங்கள்" என்று சொன்னால் கேட்டவருக்குக் கோபம்தான் வரும், அந்தக் கோபம் நியாயமானது.

ஜூன் 4, இரவு 9.05

விட்டுப்போன ஒன்று. எந்தக் குழந்தை என்பதைப் பொறுத்தும் பதில் மாறும். நெதர்லாந்தின் டி பூர் குழு 2010-ல் பெற்றோர் மனப்பான்மை பற்றிய பத்து ஆய்வுகளைச் சேர்த்துவைத்துப் பார்த்தது. பொதுவாக ஆதரவு இருந்தது. ஆனால் உடல் குறைபாட்டுக்கும் பார்வை, செவித்திறன் குறைபாட்டுக்கும் கிடைத்த ஆதரவு, நடத்தைச் சிக்கலோ அறிவுத்திறன் குறைபாடோ உள்ள பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. சக்கர நாற்காலிக்கு இடம் விடுகிற அதே கை, கத்துகிற பிள்ளையைப் பார்த்ததும் தன் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொள்கிறது. அதனால் "ஊனம்" என்று பொதுவாகக் கேட்டு வாங்கிய சம்மதத்தை நம்பி வகுப்பை அமைக்காதீர்கள்.

ஜூன் 5, காலை 7.30

முதல் கூடை, டீச்சரின் நேரம். இதற்கு வாய்ப்பேச்சு உதவாது, எண்ணிக்காட்ட வேண்டும்.

ஓர் அட்டை, பென்சில், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அதிரும்படி வைத்த கைப்பேசி. அதிர்ந்ததும் தலையை நிமிர்த்தி, அந்தக் கணத்தில் டீச்சர் யாரோடு இருக்கிறார் என்று பார்த்து ஒரு கோடு போடவேண்டும். நான்கு பத்தி: முழு வகுப்போடு, சிறு குழுவோடு, ஒரே பிள்ளையோடு, யாரோடும் இல்லை. கடைசிப் பத்தியில் அலமாரியில் தேடுவது, பதிவேடு எழுதுவது, வாசலில் பேசுவது எல்லாம் சேரும். இருபது நிமிடத்தில் பத்துக் கோடு. காலை வரவு, விளையாட்டு நேரம், எல்லோரும் வட்டமாக உட்காரும் வட்ட நேரம் என்று ஒரு நாளைக்கு மூன்று முறை. மூன்று நாள் எடுத்தால் தொண்ணூறு கோடு. இடையில் நடந்ததை நினைவில் வைத்து எழுதக்கூடாது, நிமிர்ந்த கணம் மட்டும்தான் கணக்கு.

பல வகுப்புகளில் தடித்து நிற்பது நான்காவது பத்திதான். பசை எங்கே, கத்தரி எங்கே, யாருடைய செருப்பு இது என்பதில் கரைகிற நிமிடங்கள். மறுநாளைக்கான பொருட்களை முதல் நாள் மாலையே தட்டுத் தட்டாக எடுத்துவைத்தால் அந்தப் பத்தி மெலியும். திரும்ப மூன்று நாள் எண்ணி, இரண்டு அட்டையையும் அடுத்த கூட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பிள்ளைகள் பெயர் வேண்டாம், கோடுகள் போதும். உதவியாளர் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளையின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கட்டும், டீச்சர் எல்லோருக்கும் கிடைக்கிறார் என்பது அட்டையில் தெளிவாகத் தெரியும்.

ஜூன் 5, இரவு 10.20

அட்டையில் தவறு நுழையும் இடங்கள். உதவியாளர் விடுப்பில் இருக்கும் நாளில் எண்ணினால் படம் கோணிவிடும். டீச்சரே தன்னை எண்ணக்கூடாது, இரண்டாவது கோட்டிலேயே பொய்யாகிவிடும், அது அவர் குற்றமும் இல்லை. முதல் நாள் எல்லோரும் நன்றாக நடந்துகொள்வார்கள். முடிந்தால் நான்கு நாள் எண்ணி முதல் நாளைத் தள்ளிவிடுங்கள்.

ஜூன் 7, மாலை 6.00

"பார்த்துப் பார்த்து அப்படியே செய்ய ஆரம்பிச்சிடுவான்." இதைச் சொல்கிற அம்மாவிடம் "அதெல்லாம் இல்லை" என்று சொல்லிவிடாதீர்கள், ஏனென்றால் செய்வான். கையைப் படபடவென்று உதறுவது, ஒரே ஒலியைத் திரும்பத் திரும்பப் போடுவது, தவழ்ந்து போவது, எல்லாவற்றையும் நான்கு வயதுப் பிள்ளை வீட்டில் செய்துபார்க்கும். பூனை மாதிரி நடந்து பார்ப்பது போலத்தான். சில நாளில் போய்விடும்.

போகாமல் தங்குவது எப்போது என்பதுதான் சொல்லவேண்டியது. அதனால் ஏதாவது கிடைத்தால் தங்கும். பாட்டி பதறுவது கிடைக்கும், மாமா சிரிப்பது கிடைக்கும், உட்காரவேண்டிய நேரத்தில் யாராவது தூக்கிக்கொண்டு வெளியே போவது கிடைக்கும். ஒரு பிள்ளை கத்தியதும் ஊஞ்சலுக்கு அழைத்துப்போகிறார்கள் என்றால், அதைப் பார்த்துக் கத்தப் பழகும் அடுத்த பிள்ளை நண்பனிடம் கற்றுக்கொள்ளவில்லை, பெரியவர்களிடம் கற்றுக்கொண்டது. வீட்டுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: முகத்தை மாற்றாதீர்கள், பேர் வைக்காதீர்கள், கையில் வேறு வேலை கொடுங்கள்.

பார்த்துப் பழகுவது இருபக்கமும் ஓடும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2014-ல் லாரா ஜஸ்டிஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளும் மற்றவர்களும் சேர்ந்து படித்த மழலையர் வகுப்புகளில் மொழி வளர்ச்சியைப் பார்த்தார்கள். உடன் இருப்பவர்களின் பேச்சுத்திறன் அதிகம் பாதித்தது குறைபாடுள்ள பிள்ளைகளைத்தான். நன்றாகப் பேசும் நண்பர்கள் அமைந்த இடத்தில் அவர்கள் மேலே வந்தார்கள், எல்லோரும் குறைவாகப் பேசும் அறையில் பின்தங்கினார்கள். தனி அறையில் வைத்தால் அந்தக் குழந்தை எதை இழக்கிறது என்பது இதில் இருக்கிறது. நான்காவது கூடைக்கும், அதாவது பாடம் பின்தங்கும் என்பதற்கும், பாதிப் பதில் இதுவே. மீதிப் பாதி, மூன்று வயதுக்கு நீங்கள் எதைப் பாடம் என்கிறீர்கள் என்ற கேள்வி. அதை இங்கே இழுத்தால் இந்த இழை முடியாது.

ஜூன் 8, காலை 11.50

கடி. இதில் எந்தப் பெற்றோரையும் குறை சொல்ல முடியாது. பிள்ளையின் கையில் பல் தடத்தைப் பார்த்துவிட்டு யாரும் 24-ஆம் பிரிவைப் பற்றி யோசிக்க மாட்டார்கள்.

ஒன்றரை வயது முதல் மூன்று வயது வரை கடிப்பது பல குழந்தைகளிடம் காணப்படுவது. பேச்சு வந்ததும் குறையும். பேச்சு தாமதமாகும் பிள்ளையிடம் அதனாலேயே நீளும். கடிக்கிற பிள்ளையைத் திருத்துவதற்கு முன்னால் கடி எங்கே, எப்போது விழுகிறது என்று பாருங்கள். பத்து வகுப்பு நாள், ஒவ்வொரு கடிக்கும் ஒரு வரி: மணி, இடம், அதற்கு முந்தைய ஒரு நிமிடம் என்ன நடந்தது, கடி, கடித்ததும் அந்தப் பிள்ளைக்கு என்ன கிடைத்தது. ஐந்தாவது பத்தியைத்தான் பலர் எழுதாமல் விடுகிறார்கள், விடை அங்கேதான் இருக்கும். பொம்மை கிடைத்ததா, கூட்டம் விலகியதா, டீச்சர் ஓடி வந்தாரா?

பெரும்பாலும் வரிசையில் கொத்தாக விழும். வெளியே போகக் கதவருகே இருபது பேர் ஒட்டி நின்று ஆறு நிமிடம் காத்திருக்கும் வரிசை. ஐந்து ஐந்து பேராக விடுங்கள், தரையில் கால் தடம் ஒட்டுங்கள், கடிக்கிற பிள்ளை முதல் ஐந்தில் இருக்கட்டும், கையில் பந்துக்கூடை இருக்கட்டும். அடுத்த இடம், ஒரே ஒரு சிவப்பு வண்டி இருக்கும் மூலை. இன்னொரு சிவப்பு வண்டி வாங்குங்கள். மூன்று வயதில் பகிர்தலைப் பாடமாக எடுப்பதைவிட இது விரைவாக வேலை செய்யும். கூடவே கடிக்குப் பதிலாக ஒன்று கற்றுக்கொடுக்க வேண்டும்: உள்ளங்கையைக் காட்டி "நில்" என்று சைகை. கடி நடந்த பிறகு கற்றுக்கொடுத்தால் ஏறாது. சும்மா இருக்கும் நேரத்தில், விளையாட்டாக, ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை.

பெற்றோரிடம் போகும் தாளில் "கவனமாகப் பார்த்துக்கொள்கிறோம்" என்று எழுதாதீர்கள். "வரிசையை நான்காகப் பிரித்தோம், கடந்த பத்து நாளில் இத்தனை, இந்தப் பத்து நாளில் இத்தனை" என்று எழுதுங்கள். குறையவில்லை என்றாலும் அப்படியே எழுதுங்கள்.

ஜூன் 9, காலை 8.10 (கேள்வி)

கடித்தது யார் என்று கேட்கிறார்கள். சொல்லலாமா? அந்தப் பையனின் நோயின் பெயரையும் கேட்கிறார்கள்.

ஜூன் 9, காலை 9.00

இரண்டும் கூடாது. கடிபட்ட குழந்தை பேசினால் பெயர் எப்படியும் வீட்டுக்குப் போகும், அது வேறு. பள்ளி வாயால் போகக்கூடாது. "உங்கள் பிள்ளை யாரையாவது கடித்தாலும் இதே மாதிரிதான் பெயர் சொல்ல மாட்டோம்" என்றால் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்வார்கள். ஆட்டிசமா, வேறா என்பதைச் சொல்லலாமா, எவ்வளவு, யார் சொல்வது எல்லாம் அந்தக் குழந்தையின் பெற்றோர் கையில். அவர்கள் சொல்ல விரும்பினால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விரும்பாவிட்டால் வற்புறுத்தாதீர்கள். ஆட்டிசம் என்று தெரிந்துகொண்டால் கேட்டவருக்கு என்ன செய்யத் தெரியப்போகிறது? "சத்தம் அதிகமானால் காதைப் பொத்திக்கொள்வான், அப்போது தொடாமல் இரண்டு நிமிடம் விட்டால் சரியாகிவிடுவான்" என்பது தெரிந்தால் அதை வைத்து நடந்துகொள்ளலாம்.

ஜூன் 11, இரவு 8.45

நாம் இதுவரை ஒரு பக்கத்துப் பெற்றோரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளையின் பெற்றோர் எல்லோரும் சேர்ந்த வகுப்பைத்தான் விரும்புவார்கள் என்று எழுதாமலே எடுத்துக்கொண்டோம். அப்படி இல்லை. பலர் அதிகம் பயப்படுகிறார்கள். கேலி செய்வார்களோ, தெரபி நேரம் குறைந்துவிடுமோ, தினமும் போன் வருமோ, ஒரு மாதத்தில் "வேற இடம் பாருங்க" என்று சொல்லிவிடுவார்களோ.

சேர்க்கைப் படிவத்தில் மறைப்பதும் இதனால்தான். "ஏதேனும் குறைபாடு உண்டா? ஆம் / இல்லை" என்று கேட்டால் ஆம் போட்டால் இடம் கிடைக்காது என்று படித்துக்கொள்கிறார்கள். மறைத்ததால் பள்ளி ஆயத்தமில்லாமல் மாட்டிக்கொள்கிறது, பிறகு "ஏமாற்றிவிட்டார்கள்" என்று பேச்சு வருகிறது. படிவத்தை மாற்றுங்கள். எல்லாப் பெற்றோருக்கும் ஒரே கேள்விகள்: அழும்போது எது சமாதானப்படுத்தும்? தேவையை எப்படிச் சொல்லும், சொல்லிலா, கையைப் பிடித்து இழுத்தா? எதைக் கண்டால் ஓடும்? எந்தச் சத்தம் பிடிக்காது? கழிப்பறையில் எவ்வளவு உதவி? இவற்றை இடம் உறுதியான பிறகு கொடுங்கள், முன்னால் அல்ல.

கழிப்பறைப் பழக்கத்தைச் சேர்க்கைக்கு நிபந்தனையாக வைப்பவர்கள் கவனிக்க வேண்டும். அந்த ஒரு வரியே பல பிள்ளைகளை வாசலில் நிறுத்திவிடுகிறது. வேண்டியது இரண்டு வாரக் குறிப்பு: மணிக்கு ஒருமுறை ஈரமா உலர்வா. அதில் ஒரு தாளம் தெரியும். அந்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் அழைத்துப்போக வேண்டும். கால் தரையில் பதியாமல் தொங்கினால் எந்தக் குழந்தையும் போகாது, காலுக்கடியில் ஒரு பலகை வையுங்கள்.

தெரபி நேரத்தைப் பற்றி. ஒரு கட்டம் போடுங்கள்: இடப்பக்கம் நாளின் வேலைகள், மேலே அந்தப் பிள்ளைக்கான மூன்று இலக்கு. உதாரணமாக, "இன்னும்" என்று கேட்பது, இரண்டு கையையும் சேர்த்துப் பயன்படுத்துவது, ஒரு நண்பனிடம் பொருளைக் கொடுப்பது. சிற்றுண்டி நேரத்தில் எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தட்டில் வைக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக வைத்தால் "இன்னும்" நான்கு முறை வரும். டப்பா மூடியை அதுவே திறந்தால் இரண்டு கை. தட்டை அது விநியோகித்தால் கொடுத்தல். வாரத்துக்கு ஒருமுறை தனி அறையில் நடக்கும் அரை மணி நேரத்தைவிட இந்தச் சிதறிய பயிற்சி எண்ணிக்கையில் கூடும். இந்தக் கட்டத்தைக் காட்டினால் அந்த அம்மாவின் முகத்தில் வரும் ஆசுவாசத்துக்காகவே இதைப் போடலாம். ஆனால் தெரபி வேண்டாம் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது. தெரபிஸ்ட்டோடு பேசித்தான் அந்த மூன்று இலக்கும் தேர்வாக வேண்டும்.

ஜூன் 12, காலை 6.40

நடுவில் ஒருவர் எழுதியிருந்தார்: பிள்ளைகளைச் சேர்த்து உட்காரவைத்தாலே போதும், பெற்றோரும் பார்த்துப் பழகிவிடுவார்கள் என்று. இதை ஏற்க முடியாது. கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954-லேயே எச்சரித்தார்: சந்திப்பு மட்டும் தப்பெண்ணத்தைக் குறைக்காது. சம மதிப்பு, பொது இலக்கு, சேர்ந்து உழைப்பது, மேலே இருப்பவர்களின் ஆதரவு என்று நான்கு நிபந்தனை வைத்தார். ஏற்பாடு இல்லாமல் பக்கத்தில் உட்காரவைத்தால், தினமும் ஒரு அழுகையைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளை வீட்டில் அதைத்தான் சொல்லும். பெற்றோரின் மனம் இன்னும் இறுகும்.

2016-ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. குழு ஒரு விளக்கத்தில் நான்கு நிலைகளைப் பிரித்துச் சொன்னது: விலக்கி வைப்பது, தனியாக வைப்பது, இருக்கிற வகுப்பில் கொண்டுவந்து ஒட்டவைப்பது, வகுப்பையே மாற்றி அமைப்பது. நம்மில் பலர் மூன்றாவதைச் செய்துவிட்டு நான்காவதின் பெயரைப் பலகையில் எழுதியிருக்கிறோம். அதைப் பார்த்துப் பெற்றோர் "சேர்த்துப் படிக்கவைப்பது சரிவராது" என்று முடிவு கட்டினால், அவர்கள் பார்த்த வகுப்பைப் பொறுத்தவரை சரியாகத்தான் சொல்கிறார்கள்.

சேர்ந்து விளையாடுவதும் கற்பிக்க வேண்டிய ஒன்று. "பக்கத்துல இரு, சேர்ந்து விளையாடு, பேசு" என்று மூன்று படி. ஒரு பொம்மையை வைத்து நடித்துக்காட்டிப் பத்து நிமிடம் பழக்கலாம். பேர் சொல்லிக் கூப்பிடு, மனசுக்குள் ஐந்து எண்ணு, பதில் வராவிட்டால் பொம்மையைக் காட்டி மறுபடி கூப்பிடு. அந்த ஐந்து எண்ணுவதுதான் உயிர். நான்கு வயதுப் பிள்ளை இரண்டுக்குள் "அவன் வரல" என்று திரும்பிவிடும், பேச்சு தாமதமாகும் பிள்ளை நான்காவது எண்ணில்தான் நிமிரும்.

ஜூன் 13, பிற்பகல் 1.15 (கேள்வி)

ஓர் அம்மா சண்டைக்கு வந்தார். "என் பொண்ணைப் படிக்க அனுப்புறேனா, அவனைப் பார்த்துக்க அனுப்புறேனா?" என்கிறார். என்ன பதில்?

ஜூன் 13, இரவு 9.30

அவர் சொல்வது சரி என்பதுதான் பதில். வகுப்பில் ஒரு பொறுமையான பெண் குழந்தை இருப்பாள். செருப்பு மாட்ட, கைபிடித்து நடக்க, தட்டு எடுத்துக்கொடுக்க, எல்லாவற்றுக்கும் அவள். நல்ல பிள்ளை என்று புகழ்ந்து புகழ்ந்து ஒரு வேலையைக் கட்டிவிட்டோம். அவளுக்கும் அநியாயம், அந்தப் பையனுக்கும் அநியாயம். அவனுக்குக் கிடைப்பது தோழி இல்லை, இன்னொரு குட்டி உதவியாளர்.

தோழமைப் பழக்கத்துக்கு ஐந்தாறு பிள்ளைகளைச் சேருங்கள், தினமும் ஆள் மாறட்டும், ஒருமுறைக்கு ஐந்து முதல் பத்து நிமிடம். விருப்பமில்லாத நாளில் விட்டுவிடுங்கள். செருப்பு மாட்டுவது பெரியவர் வேலை. அந்தப் பையனும் யாருக்காவது உதவுகிற இடம் ஒன்று நாளில் இருக்கவேண்டும்: மணி அடிப்பது, பாய் விரிப்பது, வருகைப் படங்களை மாட்டுவது. ஆல்போர்ட் சொன்ன சம மதிப்பு அப்படித்தான் வகுப்புக்குள் வரும்.

ஜூன் 15, காலை 7.00

"பாவம்" என்ற சொல். தமிழில் இரக்கத்துக்கும் அதே சொல், முற்பிறவிக் கணக்குக்கும் அதே சொல். பேருந்தில், வாசலில், பிள்ளையின் முன்னாலேயே "பாவம், அந்தப் பையன்" என்று நல்ல மனசோடுதான் சொல்கிறோம். கேட்டுக்கொண்டிருக்கும் நான்கு வயது, அவனோடு விளையாடக்கூடாது, அவனைப் பார்த்து வருத்தப்பட வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறது.

பிள்ளை உரக்கக் கேட்கும்: "அவன் ஏன்மா பேச மாட்டேங்கிறான்?" வாயைப் பொத்தி "ஷ்ஷ்" என்றால் அது பேசக்கூடாத அசிங்கம் என்று ஆகிவிடும். உண்மையான, குட்டியான பதில் போதும். "அவனுக்குப் பேச்சு இன்னும் வரல. வேணுங்கிறதைப் படத்தைத் தொட்டுச் சொல்வான். உனக்கு என்ன சொன்னான் இன்னைக்கு?" கடைசிக் கேள்வியை விடாதீர்கள். "நல்லாயிடுவானா?" என்று கேட்டால் வாக்குக் கொடுக்க வேண்டாம்: "தெரியல. கத்துக்கிட்டு இருக்கான், உன்னை மாதிரியே." பெற்றோருக்கு ஒரு பக்கத் தாள் கொடுப்பதானால் இந்த மூன்று நான்கு பதில்களை மட்டும் அச்சடித்துக் கொடுங்கள். நோய்களின் விளக்கம் வேண்டாம்.

ஜூன் 16, மாலை 5.20

சொல்லைப் பற்றிப் பேசியதும் நினைவுக்கு வருவது: "சொன்னா கேக்கவே மாட்டேங்கிறான்." கேட்பதும் கீழ்ப்படிவதும் தமிழில் ஒரே வினை. சில பிள்ளைகளின் விஷயத்தில் அது அப்பட்டமான உண்மை, காதில் விழவில்லை. அடம்பிடிக்கிறான் என்று பேர் வாங்கிய பிள்ளைக்கு முதலில் செவித்திறன் சோதனை நடந்ததா என்று பாருங்கள். அடிக்கடி சளி பிடித்து நடுக்காதில் நீர் கட்டும் பிள்ளைக்கு ஒரு வாரம் கேட்கும், ஒரு வாரம் மங்கும்.

காதுக்கருவி போட்ட பிள்ளைக்கு டீச்சர் ஒன்றிரண்டு மீட்டருக்குள் இருக்கவேண்டும். அறையின் மறுகோடியிலிருந்து கத்தினால் சத்தம் போகும், சொல் போகாது. ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் டீச்சரின் முகம் இருட்டாகி உதடு தெரியாது, ஜன்னலை டீச்சர் பார்க்கவேண்டும். நாற்காலிக் கால்களுக்கு அடியில் கம்பளித் துண்டு ஒட்டுங்கள். அந்த இழுப்புச் சத்தம் காதுக்கருவியில் பெரிதாகிக் காதைக் கிழிக்கும். இது எல்லாப் பிள்ளைகளுக்கும் நல்லது, டீச்சரின் தொண்டைக்கும் நல்லது. "அந்தப் பையன் வந்ததால் வகுப்பு அமைதியாச்சு" என்று பெற்றோர் சொல்லக்கூடிய அபூர்வமான மாற்றம் இது.

ஜூன் 18, இரவு 10.50

ஜூன் 5 காலைக் குறிப்பில் ஒன்றைத் தவறாக எழுதிவிட்டேன். உதவியாளர் அந்தப் பிள்ளையின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கட்டும் என்று. வேண்டாம்.

மைக்கேல் ஜியாங்ரெக்கோ என்ற சிறப்புக் கல்வி ஆய்வாளரும் உடன் பணியாற்றியவர்களும் 1997-லேயே காட்டியது இதைத்தான்: பெரியவர் ஒட்டியே இருந்தால் மற்றப் பிள்ளைகள் அருகே வருவதில்லை, அந்தப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் பெரியவரின் முகத்தைப் பார்க்கிறது, டீச்சர் அவனைத் தன் மாணவன் என்று நினைப்பதை விட்டுவிடுகிறார். பெற்றோர்களை அமைதிப்படுத்த நான் சொன்ன ஏற்பாடு அந்தக் குழந்தையை நடு வகுப்பில் தனியாக்கிவிடும். இரண்டு பக்கத்துப் பெற்றோருக்கும் அது பிடித்துப்போகும் என்பதுதான் ஆபத்து. ஒருவருக்குத் தன் பிள்ளையின் நேரம் பத்திரம், இன்னொருவருக்குத் தன் பிள்ளை பத்திரம்.

உதவியாளரை அறையின் ஒரு பகுதிக்குப் பொறுப்பாக்குங்கள், ஒரு பிள்ளைக்கு அல்ல. கட்டை விளையாடும் மூலை அவருடையது, அங்கே யார் வந்தாலும் அவர் பொறுப்பு. அந்தப் பிள்ளைக்கு உதவி வேண்டிய இடத்தில் பின்னாலிருந்து, குறைந்தபட்சமாக: முதலில் காத்திரு, பிறகு சைகை, பிறகு சொல், கடைசியில்தான் கை. நடுவிலேயே கை நீண்டுவிடுவதுதான் நடக்கும் தவறு, அவசரம் காரணம். சட்டை மாட்ட அந்தப் பிள்ளைக்கு நான்கு நிமிடம் ஆகுமானால் மற்றவர்களுக்கு முன்பே தொடங்கிவைக்க வேண்டும். ஓடிப்போகும் பழக்கமோ வலிப்போ உள்ள பிள்ளைக்கு இது அப்படியே பொருந்தாது. அங்கே ஒரு பெரியவரின் கண் எப்போதும் வேண்டும், ஆனால் கண்தான், மடி அல்ல.

ஜூன் 20, காலை 9.40 (கேள்வி)

பெற்றோராகக் கேட்கிறேன். ஒரு பள்ளியைப் பார்க்கப் போனால் அங்கே உண்மையிலேயே நடக்கிறதா என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

ஜூன் 20, இரவு 8.15

நாளின் வேலைகளை வரிசையாகக் காட்டச் சுவரில் வைத்திருக்கும் தினசரி படவரிசையின் அருகே போய் ஓரங்களைப் பாருங்கள். ஒட்டுநாடா தேய்ந்து, அட்டை மூலை மடங்கி, பிசுபிசுப்பாக இருந்தால் பிள்ளைகள் தினமும் எடுத்து "முடிந்தது" பெட்டியில் போடுகிறார்கள். புத்தம் புதிதாக, பெரியவர் கண் உயரத்தில், பன்னிரண்டு படத்தோடு பளபளத்தால் அது பார்வையாளருக்கு. சிறு பிள்ளைக்கு ஒரே சமயத்தில் நான்கைந்து படம் போதும், அதன் கண் உயரத்தில். கோட்டோவியம் புரியாத பிள்ளைக்கு அதே அறையில் எடுத்த புகைப்படம். நிகழ்ச்சி மாறினால் மாறுவதற்கு முன் படத்தை மாற்றவேண்டும். பலர் அழுகை வந்த பிறகு மாற்றுகிறார்கள்.

வட்ட நேரம் எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். மூன்று வயதுக்கு எட்டுப் பத்து நிமிடத்துக்கு மேல் என்றால் யாரோ ஒரு பிள்ளை தினமும் "அடங்காத பிள்ளை" ஆகிக்கொண்டிருக்கும். எத்தனை பேருக்குக் கூடுதல் உதவி வேண்டும் என்றும் கேளுங்கள். உலகில் சுமார் பத்தில் ஒரு குழந்தைக்கு ஏதோ ஒரு குறைபாடு உண்டு என்று யுனிசெஃப் 2021-ல் கணக்கிட்டது, அதாவது சுமார் 24 கோடிக் குழந்தைகள். இருபது பேரில் இரண்டு பேர் இயல்பு. எட்டுப் பேர் என்றால் எல்லா இடத்திலும் மறுக்கப்பட்டவர்கள் இங்கே சேர்ந்திருக்கிறார்கள். அந்தப் பள்ளியை மதியுங்கள், ஆனால் எத்தனை பெரியவர்கள் என்று கேளுங்கள். யாருமே இல்லை என்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள்.

ஜூன் 21, காலை 6.30

முதலில் கேட்டவருக்கு, அட்டையைப் பற்றி. டீச்சருக்கு நான்கு பத்தி போட்டது பாதி வேலைதான். அதே இரண்டு நிமிட அதிர்வில் அந்த இரண்டு பிள்ளைகளையும் ஒரு பார்வை பார்த்து மூன்று பத்தி சேருங்கள்: கையெட்டும் தூரத்தில் பெரியவர் மட்டும், கையெட்டும் தூரத்தில் இன்னொரு குழந்தை, யாரும் இல்லை. பெரியவரும் குழந்தையும் இருவருமே இருந்தால் குழந்தைப் பத்தியில் போடுங்கள். இந்த மூன்று பத்தியும் அவர்களின் பெற்றோருக்கு மட்டும், கூட்டத்தில் வைக்க வேண்டாம். வரிசையை மாற்றி, உதவியாளரை மூலைக்கு அனுப்பி, மூன்று வாரம் கழித்து மறுபடி எண்ணும்போது, நடுப்பத்தியில் கோடு கூடியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.